ஒரு ஆட்டக்காரர், ஒரு மேனேஜர்: பேஸ்பால் ஜாம்பவான்களில் யாரை எடுக்கலாம்?

பேஸ்பால் பார்க்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். உங்கள் கையில் ஒரு நடுத்தர அணி இருக்கிறது. மோசமில்லை, பிரமாதமும் இல்லை. வரலாற்றிலிருந்து ஒரே ஒரு ஆட்டக்காரரை இருபது வயதுப் பையனாக எடுத்துக்கொள்ளலாம். ஓய்வு பெறும்வரை அவர் உங்களிடம்தான். கூடவே ஒரே ஒரு மேனேஜர். யாரை எடுப்பீர்கள்?

பெரும்பாலும் பதில் கோப்பைக் கணக்கில்தான் தொடங்கும். பேப் ரூத் 7 வோர்ல்ட் சீரிஸ் (மேஜர் லீக் என்ற உச்சநிலைப் பேஸ்பாலில், அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டின் பட்டக்காரர்களும் அக்டோபரில் மோதும் இறுதித் தொடர்) வென்றார். யோகி பெர்ரா 10. மேனேஜர்களில் ஜோ மெக்கார்த்தி 7, கேசி ஸ்டெங்கல் 7. நான் தேர்ந்தெடுக்கப் போகிற இரண்டு பேரும் ஆளுக்கு ஒரே ஒரு வோர்ல்ட் சீரிஸ் மட்டும் வென்றவர்கள். அது ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

முதலில் சில விதிகள். போர், நிறத்தடை (கறுப்பின ஆட்டக்காரர்களை மேஜர் லீகில் சேர்க்காமல் வைத்திருந்தது) போல வெளியிலிருந்து வந்து விழுந்தவற்றை ஆட்டக்காரரின் குறையாக எழுதக் கூடாது. உடம்பும் குணமும் மட்டும் அவரோடு சேர்ந்தே வரும். இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்கள் வேண்டாம். ஷோஹெய் ஒடானியின் கணக்கை அவர் முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். பந்து வீசுகிற பிட்சர்களும் வேண்டாம். சை யங் 511 ஆட்டங்களில் வென்றவர்தான். ஆனால் தொடக்க பிட்சர் நாலைந்து நாளுக்கு ஒருமுறைதான் களத்துக்கு வருவார். எனக்கு தினமும் வருகிற ஆள் வேண்டும்.

பேஸ்பால் அதிகம் பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. இங்கே பேட்டிங் சராசரி என்பது கிரிக்கெட் மாதிரி ரன் கணக்கு இல்லை. ஆடிய முறைகளில் எத்தனை முறை ஹிட் அடித்தார் என்ற விகிதம். பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை அடைந்தால் அது ஹிட், வேலிக்கு வெளியே அடித்தால் ஹோம் ரன். பேஸ்களைச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வீடு திரும்பினால் ஒரு ரன். 0.300 எடுப்பவர் நல்ல பேட்டர். நான்கு தவறான பந்துகள் வந்துவிட்டால் பேட்டர் நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம், அது வாக். ஹிட், வாக் எல்லாம் சேர்த்து, அவுட் ஆகாமல் எத்தனை முறை பேஸை அடைந்தார் என்பது ஆன்-பேஸ் விகிதம். மேனேஜர் என்பவர் யார் ஆடுவது, எந்த வரிசையில் ஆடுவது, பிட்சரை எப்போது மாற்றுவது என்று ஆட்டம் முழுக்க முடிவெடுப்பவர். ஒருமுறை வெளியே எடுத்த ஆட்டக்காரர் அந்த ஆட்டத்துக்குள் திரும்ப வர முடியாது. மேனேஜர் வேலை கஷ்டமாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்த ஒரு விதிதான்.

சரி, ரூத்திலிருந்தே தொடங்கலாம். அவரை வேண்டாமென்று சொல்ல வலுவான காரணம் வேண்டும்.

714 ஹோம் ரன், சராசரி 0.342 என்பதெல்லாம் ஊரறிந்த எண்கள். அவற்றைவிட என்னை அசர வைப்பது 1920ஆம் ஆண்டு. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவரை 1 லட்சம் டாலருக்கு நியூயார்க் யாங்கீஸிடம் விற்ற கையோடு வந்த சீசன் அது. ரூத் 54 ஹோம் ரன் அடித்தார். அமெரிக்கன் லீகில் வேறு எந்த அணியும், மொத்த ஆட்டக்காரர்களையும் சேர்த்தும்கூட, அத்தனை அடிக்கவில்லை. 1927இல் 60 அடித்தபோதும் அதே கதைதான். ஒரு மனிதர் தன் காலத்தை விட்டு இவ்வளவு தூரம் விலகி நின்றதை இந்த விளையாட்டில் அதற்குப் பிறகு பார்க்க முடியவில்லை.

அதோடு அவர் முதலில் பிட்சர். 1916இல் 23 வெற்றி. அந்த ஆண்டு லீகிலேயே ரன் கொடுப்பதில் மிகச் சிக்கனமானவர் அவர்தான். வோர்ல்ட் சீரிஸ் ஆட்டங்களில் தொடர்ந்து 29⅔ இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் வீசினார். அந்தச் சாதனை 1961 வரை நின்றது. பிட்சராக அவர் கணக்கு 94 வெற்றி, 46 தோல்வி. பேட்டிங், ஓட்டம், ஃபீல்டிங், பிட்சிங் எல்லாவற்றையும் ஒரே எண்ணாக்குகிற வார் (WAR) என்ற கணக்கில் அவர் 180ஐத் தாண்டுகிறார். வேறு யாரும் அங்கே பக்கத்தில்கூட இல்லை.

பிறகு ஏன் தயக்கம்? 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் களமிறங்கும்வரை மேஜர் லீகுகளில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. ரூத் எதிர்கொண்டது நாட்டின் சிறந்த பிட்சர்களில் ஒரு பகுதியை மட்டும்தான். அது அவர் குற்றமில்லை, ஆனால் அவருக்குக் கிடைத்த சலுகை. நிறத்தடையில் இழந்தவர்களுக்கு ஈடு கொடுக்கிறோம் என்றால், அதனால் லாபம் அடைந்தவர்களிடமிருந்து கொஞ்சம் கழிப்பதுதானே நியாயம்.

இரண்டாவது காரணம் குணம். தடையை மீறி சீசனுக்கு வெளியே ஊர் ஊராகப் போய்க் காட்சி ஆட்டங்கள் ஆடியதற்காக 1922 மே 20 வரை அவரை உட்கார வைத்தார்கள். 1925இல் உடம்பு கெட்டு அறுவை சிகிச்சை. 98 ஆட்டம்தான் ஆடினார். அந்த ஆகஸ்டில் மேனேஜர் மில்லர் ஹக்கின்ஸ் அவருக்கு 5,000 டாலர் அபராதம் போட்டு வெளியே அனுப்பினார். யாங்கீஸ் அந்த ஆண்டு எட்டு அணிகளில் ஏழாவது. ரூத்தை எடுத்தால் அந்த ஆண்டும் சேர்ந்துதான் வரும்.

கோப்பைக் கணக்கையும் இங்கேயே கொஞ்சம் உரசிப் பார்த்துவிடலாம். ரூத்தின் 7 வோர்ல்ட் சீரிஸ்களில் முதலாவது 1915. அதில் அவர் பந்து வீசவே இல்லை. ஒரே ஒரு முறை மாற்று பேட்டராக வந்து போனார். பட்டியலில் அதுவும் ஒன்றுதான், நாலு ஆட்டத்தில் 3 ஹோம் ரன் அடித்து முடித்துவைத்த 1928ம் ஒன்றுதான்.

டெட் வில்லியம்ஸை எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். அவர்கள் அழகுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள். 1941 கடைசி நாள் காலையில் அவர் சராசரி 0.3995க்குப் பக்கம். மூன்று தசமத்துக்குச் சுருக்கினால் 0.400 என்றுதான் புத்தகத்தில் ஏறும், ஆடாமல் உட்கார்ந்திருக்கலாம். ஃபிலடெல்ஃபியாவில் அன்று நடந்த இரண்டு ஆட்டங்களிலும் இறங்கினார். 8 முறை ஆடி 6 ஹிட். 0.406 என்று முடித்தார். அதற்குப் பிறகு ஒரு சீசன் முழுவதும் ஆடி அமெரிக்கன், நேஷனல் லீகுகளில் 0.400ஐத் தொட்டவர் எவருமில்லை. ஆன்-பேஸ் விகிதம் 0.482, வரலாற்றிலேயே முதலிடம். இரண்டாம் உலகப் போரில் மூன்று முழு சீசன், கொரியப் போரில் ஏறக்குறைய இரண்டு. விமானியாக அவர் தொலைத்தது கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள். அப்படியும் 521 ஹோம் ரன். அந்த ஐந்து ஆண்டுகளையும் நம் விதிப்படி அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கொடுத்தாலும் அவர் முழுக்க முழுக்க ஒரு பேட்டர். கையில் பேட் இல்லாத நேரத்தில், இடது ஃபீல்டில் நின்றுகொண்டு மனதுக்குள் அடுத்த பந்தை அடித்துக்கொண்டிருப்பவர். ஒரு ஆட்டத்தில் நாலைந்து முறைதான் பேட் செய்ய வரும். மீதி நேரம் நீளமானது.

1966இல் ஜாம்பவான்களுக்கான கௌரவ மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது, வாய்ப்பு கொடுக்கப்படாத கறுப்பின ஆட்டக்காரர்களின் அடையாளமாக சாச்செல் பெய்ஜும் ஜாஷ் கிப்சனும் இங்கே இடம்பெற வேண்டும் என்று மேடையிலேயே சொன்னவரும் இதே வில்லியம்ஸ்தான். 1972இல் கிப்சன் சேர்க்கப்பட்டார்.

கிப்சன் இந்தப் பட்டியலில் ஒரு தலைவலி. நிறத்தடைக் காலத்தில் கறுப்பின ஆட்டக்காரர்கள் ஆடிய நீக்ரோ லீகுகளின் புள்ளிவிவரங்களை மேஜர் லீக் 2024இல் தன் பதிவேட்டில் சேர்த்ததும், வாழ்நாள் சராசரியில் டை காபை இறக்கிவிட்டு 0.372உடன் முதலிடத்துக்கு வந்தவர் அவர். ரூத் பல தலைமுறைகளாக வைத்திருந்த ஸ்லக்கிங் (ஆடிய முறைக்கு எத்தனை பேஸ் அடித்தார் என்ற விகிதம்) முதலிடமும் இப்போது கிப்சனுடையதுதான். ஆனால் அந்த லீகுகளின் அதிகாரப்பூர்வ சீசன்கள் குட்டையானவை. ஆடிய ஆட்டங்களில் பெரும்பகுதி ஊர் சுற்றிக் காட்சி ஆட்டங்களாகப் போய்விட்டது. அவருடைய ஹால் ஆஃப் ஃபேம் பட்டயம் ஏறக்குறைய 800 ஹோம் ரன் என்கிறது. லீக் பதிவேட்டில் 200கூட ஏறவில்லை. இரண்டுக்கும் நடுவில் உண்மையான கிப்சன் எங்கேயோ இருக்கிறார். 1947 ஜனவரியில், ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் இறந்துபோனார். அவர் கேட்சர். பேட்டருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற அந்த வேலை முட்டியைத் தின்னும். அவர் உடம்பும் கடைசி ஆண்டுகளில் ஒத்துழைக்கவில்லை. இருபது ஆண்டு வேண்டும் என்று கேட்கிற எனக்கு அவரை எடுக்கும் துணிச்சல் இல்லை. எடுப்பவரோடு வாதாடவும் மாட்டேன்.

பேரி பாண்ட்ஸ் பற்றி ஒரு வரி சொல்லாமல் போனால் சண்டைக்கு வருவீர்கள். 762 ஹோம் ரன், 7 எம்விபி (சீசனின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது), 2004இல் 0.609 என்ற ஆன்-பேஸ் விகிதம். எண்களை மட்டும் பார்த்தால் அவர்தான். ஆனால் ஊக்கமருந்துச் சர்ச்சையால், ஹால் ஆஃப் ஃபேமுக்காக 2022இல் எழுத்தாளர்கள் நடத்திய கடைசி வாக்கெடுப்பிலும் 66 சதவீதத்தில் நின்றார், தேவை 75. எது அவர் உடம்பு, எது வெளியிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தப் பேச்சின் அடிப்படையே. அவர் விஷயத்தில் அந்தக் கோடு மங்கலாகிவிடுகிறது.

இனி உண்மையான போட்டி. ஹாங்க் ஆரனா, வில்லி மேஸா?

இருவருமே அலபாமாக்காரர்கள். மேஸ் பிறந்தது 1931, ஆரன் 1934. இருவரும் நீக்ரோ லீகில் தொடங்கியவர்கள்: மேஸ் பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸில், ஆரன் இண்டியானாபோலிஸ் கிளவுன்ஸில். இருவரும் நேஷனல் லீகில், ஏறக்குறைய ஒரே ஆண்டுகளில், ஒரே பிட்சர்களுக்கு எதிராக ஆடினார்கள். இவ்வளவு சுத்தமான ஒப்பீடு வேறு எங்கும் கிடைக்காது.

ஆரன் பக்கம் நிற்பவர்களின் வாதம் பலமானது. 755 ஹோம் ரன்; ரன் சேர்க்க வைத்த கணக்கில் 2,297, இன்றும் முதலிடம்; மொத்த பேஸ் கணக்கில் 6,856, அதுவும் முதலிடம். அவருடைய ஹோம் ரன்களை எல்லாம் அழித்துவிட்டாலும் 3,000க்கு மேல் ஹிட் மிஞ்சும். வேடிக்கை என்னவென்றால் ஒரு சீசனில்கூட அவர் 50ஐத் தொடவில்லை; அதிகபட்சம் 47. 1955இலிருந்து 1974 வரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து 20 அல்லது அதற்கு மேல். சத்தமே இல்லாமல் தினமும் கடை திறக்கிற மனிதர். 1973 குளிர்காலம் முழுக்க, ரூத்தின் சாதனையை ஒரு கறுப்பர் முறியடிக்கப் போகிறாரே என்ற வெறுப்பில் கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில் அல் டவுனிங்கின் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி 715 என்று முடித்தார். குணம் சேர்ந்தே வரும் என்று விதி போட்டோம் அல்லவா. அந்தக் கட்டத்தில் ஆரனுக்கு இணையாக நிற்க இந்தப் பட்டியலில் ஆளே இல்லை.

அப்படியிருந்தும் நான் மேஸை எடுக்கிறேன்.

660 ஹோம் ரன், 338 பேஸ் திருட்டு (பிட்சர் அசரும் நேரத்தில் ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது), சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் 12, நட்சத்திரங்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு 24 தேர்வு, இரண்டு எம்விபி. கோல்டு கிளவ் விருது தொடங்கியதே 1957இல்தான். மேஸ் அதற்கு முன்பே சில ஆண்டுகள் சென்டர் ஃபீல்டில் நின்றுவிட்டார். 1952இன் பெரும்பகுதியும் 1953 முழுவதும் ராணுவத்தில் போயின. 1960இலிருந்து அவருடைய சொந்த மைதானம் சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க். வளைகுடாக் காற்று பந்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும் இடம். ஆரனோ 1966இலிருந்து ஆடியது, பந்து லேசாகப் பறக்கும் அட்லாண்டாவில். இதையெல்லாம் சரிசெய்து பார்த்தால் 755க்கும் 660க்கும் நடுவிலுள்ள இடைவெளி எவ்வளவு சுருங்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் என் காரணம் ஹோம் ரன் இல்லை. 1954 வோர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். எதிரணி கிளீவ்லாண்ட், அந்த ஆண்டு 111 ஆட்டம் வென்ற அணி. எட்டாவது இன்னிங்ஸ், 2-2 சமநிலை, இரண்டு பேர் பேஸில், அவுட் யாருமில்லை. விக் வெர்ட்ஸ் அடித்த பந்து, மேஸின் அணி நியூயார்க்கில் இருந்தபோது அதன் மைதானமான போலோ கிரவுண்ட்ஸின் அடிகாணாத சென்டர் ஃபீல்டுக்குப் பறந்தது. பந்துக்கு முதுகைக் காட்டி ஓடி, தோளுக்கு மேலாக அதைப் பிடித்தார் மேஸ். இந்தப் படம் எல்லோரும் பார்த்ததுதான். பிடித்த வேகத்திலேயே சுழன்று பந்தைத் திருப்பி வீசியதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அந்த வீச்சால்தான் ரன் ஏறவில்லை. அப்புறம் பத்தாவது இன்னிங்ஸில் மேஸ் வாக் வாங்கி முதல் பேஸுக்குப் போனார், இரண்டாவது பேஸைத் திருடினார், மாற்று பேட்டராக வந்த டஸ்டி ரோட்ஸின் ஹோம் ரன்னில் வீடு வந்தார். ஆட்டம் முடிந்தது. ஒரு பிடி, ஒரு வீச்சு, ஒரு வாக், ஒரு திருட்டு. ஆட்டத்தைத் திருப்பிய இந்த நான்கிலும் மேஸின் பேட் பந்தைத் தொடவே இல்லை. பேட் ஊமையாகிற நாட்கள் எல்லோருக்கும் வரும். அந்த நாட்களிலும் ஒரு ஆட்டத்தை வென்று கொடுக்கிறவர் வேண்டும் என்றால் மேஸ்தான் என் ஆள்.

எதிர்க்கணக்கையும் மறைக்கக் கூடாது. நான்கு வோர்ல்ட் சீரிஸ்களில், 20 ஆட்டங்களில், மேஸின் சராசரி 0.239. ஹோம் ரன் ஒன்றுகூட இல்லை. கோப்பை 1954 ஒன்றுதான். கோப்பையை வைத்து எடை போடுகிறவர்களுக்கு இது போதும், அவரைத் தள்ளிவிடுவார்கள். 20 ஆட்டம் எங்கே, 2,900க்கு மேற்பட்ட ஆட்டங்கள் எங்கே? நான் இரண்டாவதை நம்புகிறேன். 1965இல், 34 வயதில், அந்தக் காற்றிலும் 52 ஹோம் ரன் அடித்து எம்விபி வாங்கினார்.

மேனேஜரைத் தேர்ந்தெடுப்பது இதைவிடக் கஷ்டம். ஆட்டக்காரர் அடித்த ஹோம் ரன் அவருடையது. மேனேஜர் பெயரில் எழுதிய வெற்றி யாருடையது?

கானி மேக்கைப் பாருங்கள். 3,731 வெற்றி, யாரும் இனி நெருங்கப் போவதில்லை. 3,948 தோல்வி, அதையும்தான். ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸை 1901 முதல் 1950 வரை ஐம்பது ஆண்டு நடத்தினார். சீருடை இல்லை, கோட்டும் சூட்டும்தான். கையிலிருக்கும் ஸ்கோர் அட்டையை ஆட்டி ஃபீல்டர்களை நகர்த்துவார். 5 வோர்ல்ட் சீரிஸ் வென்றார். ஆனால் அணியின் பங்குதாரரும் அவரே. பணம் நெருக்கும்போது நட்சத்திரங்களை விற்றுவிடுவார். 1914இல் லீக் பட்டம் வென்ற அணி 1915இல் 109 ஆட்டம் தோற்றது, 1916இல் 117. ஏழு ஆண்டு தொடர்ந்து கடைசி இடம். இன்னொரு பிரமாதமான அணியை 1929இல் கட்டி, பொருளாதார மந்தத்தில் அதையும் விற்றுத் தீர்த்தார். வேறு முதலாளியாக இருந்தால் இவரை 1916இலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். 50 ஆண்டு நீடித்ததற்கு முக்கியக் காரணம் முதலாளி அவரே என்பதுதான்.

மெக்கார்த்தியும் ஸ்டெங்கலும் எதிரெதிரே நின்ற ஒரு கதை இருப்பது நம் அதிர்ஷ்டம். மெக்கார்த்தியின் வெற்றி விகிதம் 0.615, எல்லாக் காலத்திலும் உச்சம் என்று சொல்லலாம். 24 ஆண்டுகளில் ஒருமுறைகூட நான்காம் இடத்துக்குக் கீழே போனதில்லை. மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். யாங்கீஸில் ரூத், கெரிக், டிமாஜியோ என்று வந்துகொண்டே இருந்ததால் பொத்தானை அழுத்தினால் போதும், அணி தானே ஓடும் என்று எதிரணி மேனேஜர் ஒருவர் கிண்டல் செய்தார். அது அநியாயம், யாங்கீஸுக்கு வரும் முன்பே 1929இல் சிகாகோ கப்ஸை லீக் பட்டத்துக்குக் கொண்டுபோனவர் அவர்.

1948இல் பாஸ்டனுக்கு வந்தார். கையில் டெட் வில்லியம்ஸ். சீசன் கடைசியில் கிளீவ்லாண்டோடு சமநிலை. ஒரே ஒரு ஆட்டம் வைத்து முடிவு. மெக்கார்த்தி எல்லோரும் எதிர்பார்த்த பிட்சரை விட்டு, 36 வயது டென்னி கேல்ஹவுஸை இறக்கினார். 8-3 தோல்வி. அன்று கிளீவ்லாண்டுக்காக இரண்டு ஹோம் ரன் அடித்தவர் லூ பூட்ரோ. அந்த அணியின் மேனேஜரும் அவரேதான். (ஆட்டக்காரர் ஒருவர், மேனேஜர் ஒருவர் என்று நான் இங்கே அலசிக்கொண்டிருக்க, 1948இல் ஒரே ஆளில் இரண்டையும் முடித்துக்கொண்டது கிளீவ்லாண்ட்.) அடுத்த ஆண்டு இரண்டே ஆட்டம் மிச்சமிருக்க பாஸ்டன் ஒரு ஆட்டம் முன்னிலை. எதிரே யாங்கீஸ், அதன் புது மேனேஜர் கேசி ஸ்டெங்கல். இரண்டில் ஒன்றை வென்றால் போதும். இரண்டும் போயின. கடைசி ஆட்டத்தில் 1-0 என்று பின்தங்கியிருந்தபோது, நன்றாக வீசிக்கொண்டிருந்த எல்லிஸ் கிண்டரை எடுத்துவிட்டு மாற்று பேட்டரை அனுப்பினார் மெக்கார்த்தி. பேட்டர் வாக் வாங்கினார், ரன் வரவில்லை. அடுத்து வந்த பிட்சர்கள் நான்கு ரன் கொடுத்தார்கள்.

ஸ்டெங்கல் அந்த ஆண்டு செய்தது அவர் வாழ்நாளிலேயே சிறந்த வேலை. டிமாஜியோ முதல் 65 ஆட்டம் குதிகால் வலியோடு வெளியே இருந்தார். இடது கை பிட்சருக்கு ஒருவர், வலது கை பிட்சருக்கு இன்னொருவர் என்று ஹாங்க் பவரையும் ஜீன் வுட்லிங்கையும் மாற்றி மாற்றி இறக்கி ஓட்டினார் ஸ்டெங்கல். அவர்கள் இருவருக்குமே அது பிடிக்கவில்லை. 12 ஆண்டில் 10 லீக் பட்டம், 7 வோர்ல்ட் சீரிஸ், அவற்றில் முதல் ஐந்தும் தொடர்ச்சியாக.

ஆனால் அதற்கு முன் புரூக்ளினிலும் பாஸ்டன் நேஷனல் லீக் அணியிலும் ஒன்பது சீசனில் ஒரே ஒருமுறைதான் தோல்வியைவிட வெற்றி அதிகம். யாங்கீஸுக்குப் பிறகு 1962இல் புத்தம் புதிய மெட்ஸ்: 40 வெற்றி, 120 தோல்வி. மனிதர் அதேதான். 1960 வோர்ல்ட் சீரிஸில் வேறொன்றும் செய்தார். தன் சிறந்த பிட்சர் வைட்டி ஃபோர்டை முதல் ஆட்டத்தில் இறக்காமல் மூன்றாவதற்கு வைத்துக்கொண்டார். ஃபோர்ட் மூன்றாவதிலும் ஆறாவதிலும் ரன்னே கொடுக்கவில்லை. ஏழாவதுக்கு அவர் இல்லை. ஏழு ஆட்டங்களில் யாங்கீஸ் 55 ரன், பிட்ஸ்பர்க் 27. கோப்பை பிட்ஸ்பர்க்குக்கு. எழுபது வயது ஸ்டெங்கலை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

என் நடுத்தர அணிக்கு ஸ்டெங்கலைக் கொண்டுவந்தால் எந்த ஸ்டெங்கல் வருவார் என்று தெரியாது. மெக்கார்த்தி பாதுகாப்பான தேர்வு. ஆனால் நல்ல அணியை நன்றாக நடத்துவதுதான் அவர் கலை.

இரண்டு லீகிலும் வோர்ல்ட் சீரிஸ் வென்ற முதல் மேனேஜர் ஸ்பார்க்கி ஆண்டர்சனும், மூன்று அணிகளில் வேலை பார்த்து 2,800க்கு மேல் வென்ற டோனி லா ரூசாவும் கௌரவமான தேர்வுகள். அட்லாண்டாவின் பாபி காக்ஸை எடுப்பவர்கள் என்னோடு ஒத்துப்போவார்கள்: லீகுக்குள் இருக்கும் டிவிஷன் என்ற பிரிவில் 14 பட்டம், 1995இல் ஒரே ஒரு வோர்ல்ட் சீரிஸ்.

நான் எடுப்பது எர்ல் வீவரை. பால்டிமோர் ஓரியோல்ஸ், 1968 முதல் 1982 வரை, பிறகு 1985இல் திரும்பி வந்து ஒன்றரை ஆண்டு. 1,480 வெற்றி, 1,060 தோல்வி. குட்டையான ஆள், கரகரத்த குரல். அம்பயரோடு சண்டை போட்டு தொண்ணூறு முறைக்கு மேல் வெளியேற்றப்பட்டவர். இவரும் மேஜர் லீகில் ஆடியதில்லை.

வீவரின் அடிப்படை எளிமையானது. ஒரு ஆட்டத்தில் உங்களுக்கு 27 அவுட்தான் இருக்கிறது. அதில் ஒன்றைக்கூட வேண்டுமென்றே கொடுக்காதே. ஒரு ரன்னரை நகர்த்துவதற்காகப் பந்தை மெல்லத் தட்டிவிட்டு அவுட் ஆவதைப் பெரிய தியாகமாகப் பாராட்டிய காலத்தில் அவர் அதை வெறுத்தார். பேஸை அடை, அடுத்தவர் அடிக்கும் ஹோம் ரன்னில் மூன்று பேராக வீடு வா. எந்த பேட்டர் எந்த பிட்சரை எப்படி ஆடியிருக்கிறார் என்று சின்ன அட்டைகளில் எழுதி வைத்துக்கொள்வார். கம்ப்யூட்டர்கள் பின்னாளில் சொன்னதை எழுபதுகளில் அட்டையை வைத்தே கண்டுபிடித்தவர்.

சரி, அவருக்கும் நல்ல அணி கிடைத்ததே என்று கேட்கலாம். கிடைத்தது. ஃபிராங்க் ராபின்சன், புரூக்ஸ் ராபின்சன், ஜிம் பாமர். 1969, 1970, 1971இல் 109, 108, 101 வெற்றி. 1971இல் நான்கு பிட்சர்கள் ஆளுக்கு 20 ஆட்டம் வென்றார்கள். இதை மட்டும் வைத்துக்கொண்டு நான் அவரை எடுக்க மாட்டேன். நான் பார்ப்பது 1977ஐ. ஆட்டக்காரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்று ஆன முதல் குளிர்காலத்தில், ரெஜி ஜாக்சன், பாபி கிரிச், வேய்ன் கார்லண்ட் மூன்று பேரும் பால்டிமோரை விட்டுப் போனார்கள். பணக்கார அணிகளோடு ஏலத்தில் நிற்க ஓரியோல்ஸால் முடியாது. அணி சரியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வீவர் 97 ஆட்டம் வென்றார். 1982இல் இடது ஃபீல்டுக்கு ஒரு நட்சத்திரம் இல்லை. ஜான் லோவன்ஸ்டைனையும் கேரி ரோனிக்கையும் பிட்சரைப் பார்த்து மாற்றி மாற்றி இறக்கினார். இருவரும் சேர்ந்து 45 ஹோம் ரன். ஸ்டெங்கலின் தந்திரமேதான், யாங்கீஸின் பணம் இல்லாமல். அதே ஆண்டில்தான், இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நிற்கிற ஷார்ட்ஸ்டாப்புக்கு இவ்வளவு உயரம் ஆகாது என்று மற்றவர்கள் சொன்ன கால் ரிப்கனை அங்கே நிறுத்தினார். பிற்பாடு 2,632 ஆட்டங்கள் விடாமல் ஆடிய அதே ரிப்கன்.

வீவரின் குறை அக்டோபர். 1969இல் மெட்ஸிடம் தோற்றார். 1971இலும் 1979இலும் பிட்ஸ்பர்க்கிடம், இரண்டு முறையும் ஏழாவது ஆட்டத்தில். 1979இல் 3-1 என்று முன்னிலையில் இருந்துவிட்டு. நீண்ட காலத்தில் பலன் தரும் முறை ஏழு ஆட்டத்தில் பலன் தர வேண்டுமென்று கட்டாயம் எதுவும் இல்லை. ஆட்டக்காரர்களோடு அவருக்கு நெருக்கமும் இல்லை. பாமரோடு வருடக்கணக்கில் முணுமுணுப்புதான். மேஸ் மாதிரி ஒரு மனிதரை அவர் எப்படி நடத்துவார் என்று யோசித்தால் எனக்குக் கொஞ்சம் கவலைதான். ஆனால் ஃபிராங்க் ராபின்சனுக்கு மேனேஜர் ஆசை இருப்பது தெரிந்ததும், போர்ட்டோ ரிக்கோவில் சான்டூர்ஸே அணியில் தான் பார்த்துவந்த குளிர்கால வேலைக்கு அவரைச் சிபாரிசு செய்தவர் வீவர். 1975இல் கிளீவ்லாண்டில் ராபின்சன் மேஜர் லீகின் முதல் கறுப்பின மேனேஜரானார். அதே சான்டூர்ஸேயில் 1954-55 குளிர்காலத்தில் சென்டர் ஃபீல்டில் நின்றவர் மேஸ். பக்கத்தில் ராபர்டோ கிளமென்டே.

உங்கள் கேள்வி வேறு என்றால் என் பதிலும் மாறும். இருபது ஆண்டெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு அக்டோபர் வாரம் போதும் என்றால் தயங்காமல் ரூத்தை எடுப்பேன். ஒரு வாரத்தில் அவர் குணம் கெடுப்பதற்கு நேரமிருக்காது. மேனேஜராக புரூஸ் போச்சி. சீசன் கணக்கில் வெற்றியைவிடத் தோல்வி கொஞ்சம் அதிகமுள்ள மனிதர், ஆனால் நான்கு வோர்ல்ட் சீரிஸ் வென்றவர். 2014இல் ஐந்தாவது ஆட்டம் முழுவதையும் தனியாக வீசி முடித்த மேடிசன் பம்கார்னரை, இரண்டே நாள் ஓய்வுக்குப் பிறகு ஏழாவது ஆட்டத்தின் நடுவில் இறக்கி, கடைசி ஐந்து இன்னிங்ஸையும் அவரிடமே கொடுத்தார். ரன் ஒன்றும் போகவில்லை. 1960இல் ஃபோர்டை மூன்றாவது ஆட்டத்துக்குத் தள்ளிவைத்ததால் ஸ்டெங்கலுக்குக் கைகூடாமல் போனது இதுதான்.